உஷார்! வாட்ச் ‘கனெக்ட்’ ஆகவில்லை என்று கண்ட எண்ணுக்கும் போன் போடாதீர்கள்

வாட்ச் போனோடு சேர மாட்டேன் என்கிறதா? நேற்றுவரை மணிக்கட்டில் வந்துகொண்டிருந்த வாட்ஸ்அப் செய்தி இன்று வரவில்லையா? கூகுளில் கம்பெனி பெயரைப் போட்டு ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டுப் போனை எடுங்கள்.

ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்மார்ட் வாட்ச் இன்று கல்லூரிப் பிள்ளைகள் கையிலும் இருக்கிறது. காலையில் நடக்கப் போகும் ஓய்வுபெற்ற ஆசிரியர் கையிலும் இருக்கிறது. வாட்ச் கெட்டால் போவது அந்த இரண்டாயிரம்தான். அதைச் சரிசெய்கிறேன் என்று தெரியாத ஒருவர் பேச்சைக் கேட்டு இறங்கினால் வங்கிக் கணக்கே காலியாகலாம். வாட்ச் சேராத அந்தக் கொஞ்ச நேரத்தில் நாம் என்னென்ன செய்கிறோம் என்று பாருங்கள். கிடைத்த லிங்கைத் தொடுகிறோம். கேட்ட அனுமதிக்கெல்லாம் ‘அலவ்’ கொடுக்கிறோம். முன்பின் தெரியாத ஆளிடம் போன் திரையைத் திறந்து காட்டுகிறோம். மற்ற நாளில் இதில் ஒன்றைக்கூடச் செய்ய மாட்டோம். எரிச்சலும் அவசரமும் சேர்ந்த அந்த நேரத்துக்காகத்தான் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

முதல் ஆபத்து அந்த எண்

தேடலில் மேலே வருகிற எண் கம்பெனியின் எண்ணாகத்தான் இருக்கும் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையை வைத்தே ஒரு தொழில் நடக்கிறது. போலி இணையப் பக்கம் திறக்கிறார்கள். காசு கொடுத்து விளம்பரம் போடுகிறார்கள். வரைபடத்தில் ‘சர்வீஸ் சென்டர்’ என்று ஓர் இடத்தைப் பதிந்து, அதில் தங்கள் கைபேசி எண்ணை ஒட்டுகிறார்கள். சமூக வலைத்தளத்தில் யாராவது “என் வாட்ச் கனெக்ட் ஆகலை” என்று கம்பெனியைக் குறிப்பிட்டு எழுதினால், அதன் கீழேயே கம்பெனி பதில் சொல்வதுபோல ஓர் எண்ணைப் போடுகிறார்கள்.

அந்த எண்ணுக்கு அழைத்தால் எடுத்ததுமே பணிவான குரல். “சார், உங்க வாட்ச் சர்வர்ல ரிஜிஸ்டர் ஆகல. அதான் கனெக்ட் ஆகாம நிக்குது. ரெண்டு நிமிஷத்துல முடிச்சுத் தரேன். நான் அனுப்புற ஆப்பை மட்டும் இன்ஸ்டால் பண்ணிக்குங்க சார்.” அடுத்தது, “ரிஜிஸ்ட்ரேஷனுக்கு அஞ்சு ரூபா மட்டும் கட்டுங்க சார், உடனே திரும்பி வந்துடும்.” ஐந்து ரூபாய்தானே என்று தோன்றும். ஐந்து ரூபாயை அவர் தேடவில்லை. அதைக் கட்டுவதற்காக நீங்கள் தட்டும் கார்டு எண்ணும் சிவிவியும் யுபிஐ பின்னும்தான் அவருக்கு வேண்டும். சற்று முன் நிறுவிய செயலி வழியே உங்கள் திரை அப்படியே அவர் கண்ணில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடிபி வந்து விழும்போது உங்களுக்கு முன்னால் அவர் படித்துவிடுவார்.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை திரையைப் பகிர்வதற்கான முறையான செயலிகள்தான். அலுவலகங்களில் தினமும் பயன்படுகின்றன. அவற்றை இந்த வேலைக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்பதால்தான் 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் பெயரைச் சொல்லி ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. இப்போது தனியாக ஒரு செயலிகூடத் தேவைப்படுவதில்லை. வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலேயே திரையைப் பகிரும் வசதி 2023 முதல் இருக்கிறது. “வீடியோ கால்ல வாங்க மேடம், எந்த பட்டனை அமுக்கணும்னு பார்த்துச் சொல்றேன்” என்று ஒருவர் கனிவாகச் சொன்னால், அந்த இடத்திலேயே துண்டித்துவிடுங்கள்.

அவர் சொல்வது ஏன் பொய் என்று தெரிந்துகொண்டால் பயம் விலகும். வாட்சும் போனும் பேசிக்கொள்வது ப்ளூடூத்தில். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஏறத்தாழ பத்து மீட்டர் தூரத்துக்குள், உங்கள் வீட்டு அறைக்குள்ளேயே நடக்கிற பேச்சு அது. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் ‘எங்க சைடுல இருந்து’ அதைச் சரிசெய்ய வழியே இல்லை. வாட்சைப் போனோடு சேர்க்கக் கட்டணமும் கிடையாது. காசு என்ற பேச்சு எழுந்த நொடியே எதிரே இருப்பவர் யார் என்று தெரிந்துவிடுகிறது.

கம்பெனி பக்கமே பழுது வருவதும் உண்டுதான். 2020 ஜூலை 23 அன்று கார்மின் நிறுவனத்தின் கணினிகள் பணயத்தொகை வைரஸால் முடங்கின. உலகம் முழுக்க அந்த வாட்சைக் கட்டியிருந்தவர்களின் ஓட்டக் கணக்கும் தூக்கக் கணக்கும் போனில் ஏறாமல் நாட்கணக்கில் நின்றன. அப்படியொரு நாளில் வாட்சை எத்தனை முறை ரீசெட் செய்தாலும் பலன் இல்லை. காத்திருப்பது ஒன்றே வழி. அந்த நேரத்திலும் தனிப்பட்ட ஆள் யாரும் உங்களுக்கு மட்டும் திறந்துவிட முடியாது.

உண்மையான எண் வேண்டுமானால் வாட்ச் வந்த பெட்டியில், வாரண்டி அட்டையில், செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதியில் பாருங்கள். கம்பெனியின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போய்ப் பாருங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

அனுமதி கொடுக்கும் விரல்

இரண்டாவது ஆபத்து இன்னும் அமைதியானது. இங்கே யாரும் உங்களை அழைப்பதில்லை, பேசுவதும் இல்லை.

புது வாட்சின் பெட்டிக்குள் ஒரு சின்னத் தாள் இருக்கும். அதில் ஒரு க்யூஆர் கட்டம். ஸ்கேன் செய்தால் செயலி வரும். பெயருள்ள நிறுவனங்களின் கட்டம் உங்களை ப்ளே ஸ்டோருக்கோ ஆப் ஸ்டோருக்கோ கொண்டுபோகும். அங்கே போகாமல் ஏதோ ஒரு பக்கம் திறந்து, ஏபிகே என்று முடியும் கோப்பு ஒன்று இறங்க ஆரம்பித்தால் நிறுத்துங்கள். நடைபாதைக் கடையிலும் சலுகை விற்பனையிலும் வாங்குகிற பெயர் தெரியாத வாட்சுகளில் இது நடக்கிறது. அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று எந்தக் கடையும் சோதித்துப் பார்த்ததில்லை. வாட்ச் விற்றவருக்கே தெரிந்திருக்காது.

ப்ளே ஸ்டோருக்குள் போய்விட்டால் எல்லாம் நல்லது என்றும் இருந்துவிட முடியாது. ஒரே மாதிரிப் பெயரில், ஒரே மாதிரிப் படத்தோடு பல செயலிகள் அங்கே கிடக்கின்றன. செயலியைச் செய்தவர் பெயர் பெட்டியில் உள்ள நிறுவனத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள், குறைந்த நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். போனில் வரும் செய்தியை வாட்சில் காட்ட வேண்டுமானால், செயலிக்கு ‘நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்’ என்ற அனுமதி வேண்டும். வாட்ஸ்அப் செய்தி மட்டும்தானே என்று நினைத்துக் கொடுக்கிறோம். அந்த அனுமதிக்கு அப்படி எல்லை எதுவும் இல்லை. போனின் மேலே எட்டிப் பார்க்கும் அத்தனை அறிவிப்பையும் அந்தச் செயலி படிக்கலாம். வங்கியின் ஓடிபி, கணக்கில் மிச்சம் எவ்வளவு என்ற குறுஞ்செய்தி, மனைவியின் செய்தி, டாக்டர் அனுப்பிய ரிசல்ட் எல்லாமே அதில் அடக்கம். செயலிக்குள் ‘வாட்ஸ்அப் மட்டும்’ என்று நீங்கள் தேர்ந்தெடுப்பது வாட்சில் எது காட்டப்பட வேண்டும் என்பதற்குத்தான். செயலி எதைப் படிக்கலாம் என்பதற்கு அது வேலி இல்லை. தெரியாத செயலிக்கு இந்த அனுமதியைக் கொடுப்பது, ஃபேன் ரிப்பேருக்கு வந்தவர் கையில் பீரோச் சாவியையும் கொடுத்து அனுப்புவது போல.

2024-ல் வந்த ஆண்ட்ராய்டு 15, ஓடிபி இருக்கும் அறிவிப்புகளை நம்பகமற்ற செயலிகளின் கண்ணிலிருந்து மறைக்க ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் இன்னும் பல பேர் கையில் இருப்பது அதற்கு முந்தைய பதிப்புகள் ஓடும் போன்கள். புதுப் போனைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் பழையதை வைத்துக்கொண்டிருக்கும் அப்பா அம்மாவின் போன்கள்தான் அதிக ஆபத்தில் இருக்கின்றன. வங்கிச் செயலியும் ஓய்வூதியக் கணக்கும் அதே போனில்தான்.

இன்னொரு பொறி. 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13-லிருந்து, ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவிய செயலிக்கு இந்த அனுமதியைக் கொடுக்கப் போனால் போனே தடுக்கும். ‘ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். உடனே யூட்யூபில் தேடுகிறோம். “மூணு புள்ளியைத் தொடுங்க, ‘அலவ் ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ்’ கொடுங்க, வாட்ச் கனெக்ட் ஆயிடும்” என்று அரை நிமிடத்தில் ஒருவர் சொல்லிக் கொடுக்கிறார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நம்மைக் காப்பதற்காகப் போட்ட பூட்டை நம் கையாலேயே உடைக்க வைக்கிறார்கள். அந்தப் பெட்டி தோன்றினாலே, நீங்கள் நிறுவியிருப்பது ஸ்டோர் வழியாக வந்த செயலி இல்லை என்று அர்த்தம். அழித்துவிட்டு ஸ்டோரில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் அந்த வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மற்ற அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘நியர்பை டிவைசஸ்’ கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் வாட்சைக் கண்டுபிடிக்கவே முடியாது. 2021-ல் ஆண்ட்ராய்டு 12 வருவதற்கு முன் அந்த வேலைக்கு லொக்கேஷன் அனுமதி தேவைப்பட்டது. பழைய போனில் வாட்ச் தெரியவே இல்லை என்றால் லொக்கேஷன் அணைந்திருப்பதுதான் பல நேரம் காரணம். புதிய போன்களில் ஓடும் பாதையை வரைபடத்தில் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் வானிலை வேண்டும் என்பவர்களுக்கும் மட்டும் அது தேவைப்படும். அதுவும் செயலி திறந்திருக்கும்போது மட்டும் என்று கொடுங்கள். அழைப்பவர் பெயர் தெரிய கான்டாக்ட்ஸ், கால் லாக் கேட்கும். எஸ்எம்எஸ் அனுமதி, அழைப்பைத் துண்டித்து ‘பிறகு பேசுகிறேன்’ என்று வாட்சிலிருந்து பதில் அனுப்புவதற்காக. அந்த வசதிக்காகக் குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்துவிட வேண்டாம். மறுத்தாலும் வாட்ச் ஓடும். சாதாரண வாட்ச் செயலி ‘அக்சஸிபிலிட்டி’ கேட்டாலோ, ‘டிவைஸ் அட்மின்’ கேட்டாலோ யோசிக்கவே வேண்டாம், அழித்துவிடுங்கள். திரையில் நீங்கள் தொடுவதையெல்லாம் பார்க்கவும், உங்களுக்குப் பதிலாகத் தொடவும் வழிதருவது அக்சஸிபிலிட்டி. வங்கிக் கணக்கைக் கொள்ளையடிக்கும் செயலிகள் குறிவைப்பது அதைத்தான்.

பழுது பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறது

இவ்வளவு பயமுறுத்திவிட்டு, எப்படிச் சரிசெய்வது என்று சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. வாட்ச் சேராததற்குக் காரணங்கள் சாதாரணமானவை. பொறுமையாகப் பார்த்தால் யாரையும் கேட்காமல் நீங்களே சரிசெய்துவிடலாம்.

பலர் சிக்கிக்கொள்வது இங்கே. வாட்ச் வாங்கியதும் போனின் ப்ளூடூத் பட்டியலுக்குப் போய் அதன் பெயரைத் தொட்டு இணைத்துவிடுகிறோம். இணைந்துவிட்டது என்று போனும் சொல்கிறது. செயலியோ வாட்சைக் காணவில்லை என்கிறது. குழப்பம் ஏன் என்றால், பேசும் வசதியுள்ள குறைந்த விலை வாட்சுகள் பலவற்றில் இரண்டு ப்ளூடூத் இணைப்புகள் இருக்கின்றன. அழைப்பின் ஒலிக்கு ஒன்று. காலடிக் கணக்கு, நாடித்துடிப்பு, செய்திகளுக்கு இன்னொன்று. 2010-ல் ப்ளூடூத் 4.0-வோடு வந்த, மின்சாரம் குறைவாக இழுக்கும் வகை அது. பட்டியலில் ஒரே வாட்ச் இரண்டு பெயரில் தெரிவதும் இதனால்தான். பட்டியல் வழியே இணைத்தால் முதலாவது மட்டும் சேர்கிறது. கால் வரும்; செய்தி வராது. ஆகவே செயலிக்குள் போய்த்தான் வாட்சைச் சேர்க்க வேண்டும். அழைப்பு இணைப்பைப் பிறகு அதுவே கேட்கும்.

அடுத்தது வீட்டில் கிடக்கும் பழைய போன். இவ்வகை வாட்ச் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரே போனோடுதான் சேரும். சேர்ந்த பிறகு தன் பெயரை வெளியே அறிவிப்பதை நிறுத்திவிடும். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய போனில் ப்ளூடூத் அணையாமல் இருந்தால், அது வாட்சைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கும். புதுப் போனில் எவ்வளவு தேடினாலும் தெரியாது. “அம்மா, அந்தப் பழைய போன்ல ப்ளூடூத்தை ஆஃப் பண்ணிட்டீங்களா?” என்று முதலில் கேளுங்கள். அங்கே அணைத்து, செயலியிலிருந்தும் வாட்சை நீக்குங்கள்.

காலையில் சேர்ந்திருந்தது, மதியம் அறுந்துவிடுகிறது என்பது வேறு வகை. பேட்டரியை மிச்சப்படுத்த போனே பின்னணியில் ஓடும் செயலியைக் கொன்றுவிடுகிறது. ஷாவ்மி, ஓப்போ, விவோ, ரியல்மி போன்களில் இது கடுமை. செயலியின் பேட்டரிப் பகுதியில் கட்டுப்பாட்டை நீக்கி, ‘ஆட்டோ ஸ்டார்ட்’ இருந்தால் இயக்குங்கள். சாம்சங்கில் தூங்கவைத்த செயலிகள் பட்டியலிலிருந்து எடுங்கள். ஐபோன்காரர்கள் செயலியை மேலே தள்ளி மூடும் பழக்கத்தை விட வேண்டும். ஐபோனில் செய்தி மட்டும் வரவில்லை என்றால், ப்ளூடூத் பட்டியலில் வாட்சின் பக்கத்தில் இருக்கும் ஐ குறியைத் தொட்டு, ‘ஷேர் சிஸ்டம் நோட்டிஃபிகேஷன்ஸ்’ இயங்குகிறதா என்று பாருங்கள்.

எதுவும் பலிக்கவில்லையா? இரண்டுக்கும் சார்ஜ் ஏற்றுங்கள். இரண்டையும் அணைத்து இயக்குங்கள். செயலியிலிருந்து வாட்சை நீக்கி, போனின் ப்ளூடூத் பட்டியலில் அதன் பெயர்களை ‘ஃபர்கெட்’ கொடுத்து, பிறகு பக்கத்தில் வைத்துச் செயலி வழியே மறுபடி சேருங்கள். இந்த வரிசைக்குப் பிறகும் சேராத வாட்சுகள் குறைவு. மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபை பெட்டியும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இரைகின்றன. சேர்க்கும் வேலையைச் சமையலறையில் வைத்துக்கொள்ள வேண்டாம். விடுதி அறையிலோ கடையிலோ சேர்ப்பதானால், ஒரே மாடல் வாட்சுகள் பலவும் பெயர்ப் பட்டியலில் வரும். வாட்சின் ‘அபவுட்’ பக்கத்தில் இருக்கும் முகவரியின் கடைசி நான்கு எழுத்துகளை ஒத்துப் பார்த்துத் தொடுங்கள். நீங்கள் கேட்காமல் வந்து நிற்கும் ‘பேர்’ கோரிக்கையை மறுத்துவிடுங்கள்.

ரீசெட் கடைசி. ‘ஃபேக்டரி ரீசெட்’ கொடுத்தால் இன்னும் போனில் ஏறாத கணக்கெல்லாம் அழியும். போனில் ‘ரீசெட் நெட்வொர்க்’ கொடுத்தால் சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் காரோடு செய்த இணைப்பும் சேர்ந்து போகும். வாட்சின் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பாதியில் சார்ஜ் தீர்ந்தால் வாட்சே உயிரற்றுப் போகலாம். சார்ஜ் நிறைந்த பிறகு தொடங்கி, முடியும்வரை போனைப் பக்கத்திலேயே வையுங்கள். ஆப்பிள் வாட்சை ஐபோனிலிருந்து முறைப்படி ‘அன்பேர்’ செய்தால் பிரதி ஒன்று தானாகச் சேமிக்கப்படும்.

பழைய வாட்ச் வாங்குகிறவர்களும் கவனியுங்கள். முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து நீக்காத ஆப்பிள் வாட்ச் ‘ஆக்டிவேஷன் லாக்’கோடு வரும், அதை உங்கள் போனோடு சேர்க்க எந்தக் கடைக்காரராலும் முறையாகத் திறக்க முடியாது. ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டு போனோடு சேரவே சேராது. 2021-ல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் சாம்சங் வாட்சுகள் ஐபோனோடு சேராது. இது தெரியாமல் வாங்கிவிட்டு, “சேர்த்துத் தரேன், ஒரு ஆப் போடணும்” என்கிறவரிடம் போய் மாட்டாதீர்கள்.

சத்தமில்லாமல் அறும் இணைப்பு

காலடி எண்ணுவதற்காக மட்டும் கட்டியிருப்பவருக்கு இணைப்பு அறுந்தால் நட்டம் இல்லை. வாட்சை நம்பி வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கீழே விழுந்தால் உணர்ந்து உதவிக்கு அழைக்கும் வசதி 2018-ல் ஆப்பிள் வாட்ச் 4-ல் வந்தது. இப்போது வேறு வாட்சுகளிலும் இருக்கிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அதை நம்பி வாங்கிக் கொடுக்கிறார்கள். வாட்சுக்குள் தனி சிம் வசதி இல்லையென்றால் அந்த அழைப்பு பொதுவாகப் போன் வழியாகத்தான் போக வேண்டும். போன் மாடியில் சார்ஜில் கிடக்கிறது, அப்பா கீழே தோட்டத்தில் நிற்கிறார் என்றால் வாட்ச் விழுந்ததை உணர்ந்தும் யாரையும் அழைக்க முடியாமல் போகலாம். போன் பையிலேயே இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். பின்பக்கப் பையில் போனும் எதிர்க் கையில் வாட்சும் இருந்தால் நடுவில் இருக்கும் உடம்பே அலையை மறைக்கும், அதையும் சொல்லுங்கள்.

சர்க்கரை அளவை உடலில் ஒட்டிய கருவி வழியே போனிலும் வாட்சிலும் பார்ப்பவர்கள் இன்னும் கூடுதலாக உஷாராக இருக்க வேண்டும். போன் அமைப்பு மாறியதால், மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதால், புதிதாக ஹெட்போனோ காரோ இணைக்கப்பட்டதால் எச்சரிக்கை ஒலி வராமல் போன சம்பவங்களைச் சுட்டி, 2025 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை விடுத்தது. உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்றது. போனில் ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும், ஒவ்வொரு புதுக் கருவியை இணைத்த பிறகும் எச்சரிக்கை ஒலி வருகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

குழந்தைகள் கையில் கட்டும் சிம் வாட்ச் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளை எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் வாங்குகிறோம். 2017 அக்டோபரில் நார்வே நுகர்வோர் அமைப்பு அத்தகைய வாட்சுகளைச் சோதித்து, அந்நியர் ஒருவர் குழந்தையைப் பின்தொடரவும் அதோடு பேசவும் முடியும் என்று காட்டியது. அடுத்த மாதமே, ஒட்டுக்கேட்கும் வசதியுள்ள குழந்தை வாட்சுகளை ஜெர்மனி தடைசெய்தது. 2019-ல் அவாஸ்ட் ஆய்வாளர்கள், குழந்தைகளையும் முதியவர்களையும் கண்காணிக்கும் ஏறத்தாழ ஆறு லட்சம் ஜிபிஎஸ் கருவிகளின் கடவுச்சொல் 123456 என்றே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சிலவற்றில் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் குறியீடுதான் பதிவு எண். அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள். வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாற்ற வழியில்லாத வாட்ச் பிள்ளை கையில் இருக்கவே கூடாது.

வாட்ச் கட்டியவரின் போனில் ப்ளூடூத் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். 2023 டிசம்பரில் மார்க் நியூலின் என்ற ஆய்வாளர் ஒரு ஓட்டையை வெளிப்படுத்தினார். பக்கத்தில் இருப்பவர் ஒருவர் கீபோர்டு போல நடித்து, உங்களைக் கேட்காமலே போனோடு சேர்ந்து எழுத்துகளைத் தட்டிவிட முடியும். ஆண்ட்ராய்டு 11 முதல் 14 வரையுள்ள பதிப்புகளுக்கு அந்த மாதமே திருத்தம் வந்தது. 10-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் வரவில்லை. உங்கள் போன் எந்தப் பதிப்பு, பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தத் தேதியோடு நிற்கிறது என்று அமைப்புகளில் போய்ப் பாருங்கள். பழைய பதிப்பில் இருப்பவர்கள் பேருந்து நிலையம், சந்தை போன்ற கூட்டத்தில் ப்ளூடூத்தை அணைத்துவையுங்கள். வாட்ச் அந்த நேரத்தில் மணி மட்டும் காட்டட்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா?

தெரியாத செயலியை நிறுவிவிட்டீர்கள், அல்லது யாருக்கோ திரையைக் காட்டிவிட்டீர்கள் என்றால், முதலில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையும் அணைந்துவிட்டதா என்று பாருங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கார்டையும் யுபிஐயையும் நெட்பேங்கிங்கையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எடுத்த பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும், நடுவில் எங்காவது நிறுத்த முடிவது ஆரம்ப நேரத்தில்தான். வெட்கப்பட்டு வீட்டில் மறைக்கிறவர்கள் இழப்பது அந்த நேரத்தைத்தான். ஏமாற்றப்பட்டதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை.

பிறகு போனுக்கு வாருங்கள். டிவைஸ் அட்மின், அக்சஸிபிலிட்டி, நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ் மூன்று பட்டியலிலும் அந்தச் செயலியை நீக்கிவிட்டு அழியுங்கள். அழிய மறுத்தால் முக்கியமான படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு போனையே ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் வழியே பணம் போயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்கள் மேல் நட்டம் விழாது. ஓடிபியோ பின்னோ நீங்களே சொல்லிவிட்டிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும்வரை போன பணம் உங்கள் நட்டம். தெரிவித்த பிறகு போனால் அது வங்கியின் பொறுப்பு. ஆகவே தெரிவித்த நேரத்துக்குச் சான்று வேண்டும். போனில் சொன்னதோடு நிற்காமல் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். வங்கி தரும் புகார் எண்ணையும், 1930-ல் தரும் ஒப்புகை எண்ணையும், அழைத்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். கிளைக்குப் போகும்போது முதலில் கேட்பது அவற்றைத்தான்.